கால் கணக்கு

"இன்னைக்கு எத்தனை கால்?" எங்கள் தொழிலில் இதுதான் காலை வணக்கம். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஒரு கால் என்றால் ஒரு அழைப்பு: ஒரு கடை, ஒரு ஆபீஸ், ஒரு பழுது. மதுரையில் ஒரு டீக்கடையில் நானும் இன்னொரு பையனும் "எனக்கு ஆறு கால், உனக்கு நாலு கால்" என்று பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெஞ்சுப் பெரியவர் மெதுவாகத் திரும்பி, "ஏம்ப்பா, ஆட்டுக்கால் யாவாரமா?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது என் முழங்கால் இரண்டும் மாடிப்படியில் சத்தம் போடும்போதெல்லாம் அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார்.

1990-இல் ஐ.டி.ஐ முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தேன். 2025 ஏப்ரலில் 58 முடிந்து வெளியே வந்தேன். முப்பத்தைந்து வருஷம். பென்ஷன் இப்போது மாதம் 2,700 ரூபாய்ச் சொச்சம். உறவுக்காரர் ஒருவரிடம் சொன்னபோது, "ஒரு நாளைக்கா?" என்று கேட்டார். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம்.

இந்த 2,700 எங்கிருந்து வந்தது, மிச்சம் எங்கே போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஏசி, லிஃப்ட், யு.பி.எஸ், வாட்டர் பியூரிஃபையர், லேப் மெஷின் என்று பை மாட்டிக்கொண்டு பைக்கில் சுற்றுகிற எல்லோருக்கும் இதே கதைதான், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

முதலில் வேலை. மெஷின் வேலை என்பது தரையில் குத்தவைக்கிற வேலை. பேப்பர் சிக்குகிற இடம் பெரும்பாலும் கீழ் டிரேயில்தான். தாளை இழுக்கிற பிக்கப் ரப்பர் தேய்ந்திருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் ஒரு வாரம் ஓடும், மாற்றினால் ஒரு வருஷம் ஓடும். கடைக்காரர் எப்போதும் ஒரு வாரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். டிரம்மைக் கழற்றி, பிளேடைத் தூக்கி, அடியில் சேர்ந்திருக்கிற கழிவு டோனர் மைத்தூளைக் கொட்டும்போது கரும்புகை மாதிரி எழும்பும். பழைய வேட்டித் துணியை மூக்கில் கட்டிக்கொள்வோம். சாயங்காலம் சளி சிந்தினால் கறுப்பு. என் மனைவி கல்யாணமான புதிதில் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

இது பாதி வேலைதான், மீதிப் பாதி ரோடு. மதுரையிலிருந்து உசிலம்பட்டி 40 கிலோமீட்டர், தேனி 75, அங்கிருந்து போடி, கம்பம். பதிவாளர் ஆபீஸ் பக்கத்துக் கடை என்றால் முகூர்த்த நாளில் மெஷின் நிற்கவே கூடாது. நின்றால் பத்திரம் எழுத வந்த கூட்டம் கடைக்காரரைத் திட்டும், கடைக்காரர் என்னைத் திட்டுவார். ஆண்டிபட்டிக் கணவாயில் மழையில் நனைந்துகொண்டு போய், ஒரு தாளை உருவி எடுத்துவிட்டு, சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிய நாட்கள் உண்டு.

அதனால் சம்பளத்திலும் ஒரு பகுதி ரோடாகத்தான் வந்தது. சிக்கல் அங்கேதான்.

என் கடைசி வருஷச் சம்பளச் சீட்டு இப்படி: பேசிக் 11,500. வீட்டு வாடகைப் படி 4,000. கன்வேயன்ஸ் 5,000. இன்சென்டிவ் சராசரியாக 3,200. போன் 300. மொத்தம் 24,000. பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கொடுப்பது இதில் சேராது, அது தனி பில். அப்படியென்றால் இந்த 5,000 எதற்கு? உள்ளூரில் மட்டும் ஓடுகிறவனுக்கும் அதே 5,000, கம்பம் வரை போகிறவனுக்கும் அதே 5,000, வண்டியே எடுக்காமல் ஆபீஸில் டிரம் கழுவுகிற பையனுக்கும் அதே 5,000. பேருக்குத்தான் அது பயணப்படி.

பி.எஃப் பிடித்தம் பேசிக்கில்தான். நம் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், முதலாளியின் 12-இல் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போய்விடும், 3.67 மட்டும்தான் நம் பி.எஃப்பில் சேரும். பென்ஷன் கணக்குக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்பது உச்சவரம்பு. அதாவது நீங்கள் எவ்வளவு வாங்கினாலும் மாதம் 1,250-க்கு மேல் அந்தக் கணக்குக்குப் போகாது.

பென்ஷன் போடுகிற சூத்திரம் பள்ளிக்கூடப் பையன் போடக்கூடியது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, பென்ஷனுக்குக் கணக்காகும் வருஷங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். முழு 15,000 பேசிக்கில் 35 வருஷம் சேர்ந்தால் 7,500. அதுதான் சிகரம். என் மாதிரி ஆட்கள் அந்த மலையின் அடிவாரத்து டீக்கடையிலேயே நின்றுவிடுகிறோம். போதாக்குறைக்கு 2014 செப்டம்பருக்கு முந்தைய வருஷங்களுக்குப் பழைய உச்சவரம்பான 6,500-ஐத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தச் சூத்திரத்தில் கிலோமீட்டருக்கு இடமே இல்லை. பேசிக், வருஷம், 70. அவ்வளவுதான்.

சரி, பேசிக் போகட்டும், வருஷமாவது முப்பத்தைந்து இருக்கிறதா? அதுவும் இல்லை. எனக்குக் கணக்கானது இருபது வருஷமும் மூன்று மாதமும்.

முதல் டீலரிடம் சேர்ந்தது 1990. அவர் எங்களைப் பி.எஃப்பில் சேர்த்தது 1996-இல். ஆறு வருஷம் அதிலேயே போச்சு. அங்கே 2002 கடைசி வரை இருந்தேன். வேலை மாறும்போது தங்கச்சி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கணக்கெழுதுகிற அண்ணன் ஒருவர், "படிவம் 19-ஐயும் 10-சியையும் சேர்த்தே போட்டுடு தம்பி, மொத்தமா வந்துரும்" என்றார். வந்தது, எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் போல. பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் சரியாக இருந்தது. 19 என்பது பி.எஃப் பணம், அதை எடுத்தால் பணம்தான் போகும். 10-சி பென்ஷன் பணம், அதை எடுத்தால் ஏழு வருஷ சர்வீஸே போய்விடும். அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் என்று ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் அந்த ஏழு வருஷம் அடுத்த வேலையோடு ஒட்டியிருக்கும். அதை அந்த அண்ணனும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 6,500 பெருக்கல் 7 வகுத்தல் 70. மாதம் 650 ரூபாய். சாகிற வரைக்கும் மாதம் 650.

தங்கச்சியிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அந்தப் பித்தளை அண்டாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

2003-இல் ஒரு பெரிய கம்பெனியில் நேரடி வேலை. என் வாழ்க்கையில் நன்றாக இருந்த பத்து வருஷம் அது. சட்டையில் கம்பெனிப் பேர், வருஷத்துக்கு இரண்டு செட் டூல்ஸ், சென்னையில் டிரெய்னிங். 2013 மார்ச்சில் ஒரு நாள் எல்லோரையும் ஒரு ஹோட்டல் மீட்டிங் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். சாம்பார் வடை, காபி எல்லாம் இருந்தது. இனிமேல் தென் மாவட்ட சர்வீஸை ஃபிரான்சைஸ், அதாவது கம்பெனி பேரில் வேலை எடுத்துச் செய்கிற வேறொரு முதலாளி, பார்த்துக்கொள்ளும், உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது, அதே கஸ்டமர், அதே மெஷின், அதே சட்டை என்றார்கள். ராஜினாமாக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டோம். பத்து வருஷத்துக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 45,000 வந்தது. கடைசி பேசிக் 7,800, அதில் 26-க்கு 15 பங்கு, பெருக்கல் 10. கணக்கு சரிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கிராஜுவிட்டி கடைசிச் சம்பளத்தில் போடுகிற கணக்கு. அந்தப் பத்து வருஷம் 2025 வரை தொடர்ந்து வந்திருந்தால் 11,500-இல் பெருக்கியிருப்பார்கள். நடுவில் அறுத்து, பழைய விலையில் எடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

சட்டை மட்டும் அதேதான்.

ஃபிரான்சைஸ் முதலாளி கெட்டவர் இல்லை. பண்டிகைக்குக் கைமாற்றாகப் பணம் கொடுப்பார், திருப்பிக் கேட்க மாட்டார். ஆனால் அவர் ரெஜிஸ்டரில் பதினெட்டு பேருக்கு மேல் இருந்ததில்லை. இருபது பேர் ஆனால்தான் பி.எஃப் கட்டாயம். ஃபீல்டில் நாங்கள் எத்தனை பேர் என்று பெட்ரோல் பங்க்காரருக்குத் தெரியும், ரெஜிஸ்டருக்குத் தெரியாது. 2015-இல் மேல் கம்பெனி, பி.எஃப் சலான் காட்டினால்தான் பில் பாஸ் ஆகும் என்று சொன்ன பிறகு எல்லோருடைய பேரும் ஒரே நாளில் ரெஜிஸ்டரில் ஏறியது. காண்டிராக்ட் ஆட்களுக்கு காண்டிராக்டர் பி.எஃப் கட்டவில்லை என்றால் வேலை கொடுத்த கம்பெனி தலையில்தான் அது விழும் என்பது சட்டம். இடையில் போன இரண்டு வருஷம் போனதுதான்.

அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலாளி எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார்: "பேசிக்கைக் கூட்டிப் போடவா, இல்ல கையில கூட வர்ற மாதிரி போடவா? நீங்களே சொல்லுங்கப்பா." பேசிக் 9,000 என்றால் மாதம் 1,080 பிடித்தம். 15,000 என்றால் 1,800. அவர் பங்கையும் சி.டி.சிக்குள்தான், அதாவது ஒரு ஆளுக்கு அவருக்கு ஆகிற மொத்தச் செலவுக்குள்தான், வைப்பேன் என்றார். முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் சி.டி.சி என்ற மூன்று எழுத்துக்குள் அது பிடித்த மாதிரியும் இருக்கும், பிடிக்காத மாதிரியும் இருக்கும். ஆக ஆளுக்கு ஆயிரத்து நானூறுக்கு மேல் கையில் குறையும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு அந்த மாதம் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ். "கையிலயே வரட்டும் சார்" என்று முதலில் சொன்னது நான்தான். வயதில் மூத்தவன் சொன்னதால் மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

2019 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று வந்தது. எல்லோருக்கும் பொதுவாக, வழக்கமாகக் கொடுக்கிற படி எதுவாக இருந்தாலும் பி.எஃப் கணக்குக்கு அது பேசிக்தான் என்று. எங்கள் 5,000-ஐப் பார்த்தே எழுதின மாதிரி இருந்தது. எங்கள் ஆபீஸில் ஒன்றும் மாறவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ கதை வேறு மாதிரி. அதைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 2016-இல் எங்களோடு இருந்த தம்பி ஒருவன் உசிலம்பட்டி தாண்டி நாய் குறுக்கே வந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பிளேட் வைத்து, நாலரை மாதம் படுக்கை. வேலையில் நேர்ந்த காயம் என்று பதிவானால் படுத்திருக்கிற நாளெல்லாம் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ தரும். சாதாரணக் காய்ச்சல், நோய் என்றால் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான். எது எந்தக் கணக்கில் பதிவாகிறது என்பதில்தான் குடும்பமே நிற்கிறது.

ஆபீஸில் கேட்ட முதல் கேள்வி: "கால் நம்பர் என்ன?" அவனிடம் கால் நம்பர் இல்லை. கடைக்காரர் நேரடியாக அவன் போனுக்கே கூப்பிட்டிருந்தார். சிஸ்டத்தில் கால் பதிவாகவில்லை என்றால் அன்றைக்கு அவன் உசிலம்பட்டிக்குப் போனது வேலைக்கா, மாமியார் வீட்டுக்கா? விபத்து அறிக்கையை முதலாளிதான் அனுப்ப வேண்டும், அவர் யோசித்தார். நான் அந்தக் கடைக்குப் போய், மெஷினின் கவுன்ட்டர் ரீடிங்கையும் கடைக்காரர் கையெழுத்தையும் வாங்கி வந்து, பழைய தேதியில் இல்லாமல், நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் நேர்கிற விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 2010-இல் இ.எஸ்.ஐ சட்டத்தில் 51-இ என்ற பிரிவைச் சேர்த்திருந்தார்கள். எங்களுக்கோ ரோடுதான் வேலையே. தத்தனேரி ஆஸ்பத்திரியில் அவனுக்கு எல்லாம் நடந்தது, பணமும் வந்தது. அன்றிலிருந்து பையன்களிடம் சொல்வேன்: கஸ்டமர் நேரடியாகக் கூப்பிட்டால் வண்டியை எடுக்கும் முன் ஆபீஸுக்கு ஒரு வாட்ஸ்அப் போடு. டோனர் பாட்டிலை மறந்தாலும் அதை மறக்காதே.

என் இ.எஸ்.ஐ கார்டு 2021-இல் நின்றுவிட்டது. சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐக்கு வெளியே என்றார்கள். இங்கேதான் வேடிக்கை. இ.எஸ்.ஐ சட்டத்தில் பயணப்படி சம்பளத்தில் சேராது என்று எழுதியே இருந்தது. கன்வேயன்ஸைக் கழித்தால் நான் அன்றைக்கும் சரி, வெளியே வரும்போதும் சரி, 21,000-க்குள்தான். பி.எஃப் என்று வரும்போது சம்பளமாகாத அதே கன்வேயன்ஸ், இ.எஸ்.ஐ உச்சவரம்பைப் பார்க்கும்போது மட்டும் சம்பளமாகிவிட்டது. இது எனக்குத் தெரிய வந்தது வேலையை விட்ட பிறகு. ஐந்து வருஷத்துக்கு மேல் இ.எஸ்.ஐயில் இருந்து ஓய்வு பெறுகிறவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். வருஷத்துக்கு 120! மாத்திரைக் கடையில் என் முழங்காலுக்கு ஒரு அட்டை வாங்கினால் அதைவிடக் கூட ஆகிறது.

வெளியே வருகிற நேரத்தில் பட்ட பாடு தனி. ஆதாரில் என் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயராக உட்கார்ந்திருந்தது. பி.எஃப்பில் ஒற்றை எழுத்து. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். வேலையில் இருக்கும்போதே ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டு, முதலாளி ஒப்புதலோடு சரிசெய்துவிட வேண்டும். கடை மூடிப் போன பிறகு யாரைத் தேடுவது? 2014-இல் யு.ஏ.என் என்கிற நிரந்தர பி.எஃப் எண் வந்த பிறகு கணக்கெல்லாம் ஒரே எண்ணுக்குக் கீழ் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணுக்குக் கீழ் எத்தனை கணக்கு இருக்கிறது, பழையது மாற்றப்பட்டதா, விலகிய தேதி பதிவானதா என்று போனில் திறந்து பார்க்கிற டெக்னீஷியனை நான் அதிகம் பார்த்ததில்லை. மெஷினுக்குள் எரர் கோடு பார்த்தே எந்த சென்சார் என்று சொல்கிறவர்கள், பாஸ்புக்கைத் திறக்கப் பயப்படுவார்கள்.

எனக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது, சொல்ல வேண்டும். இருபது வருஷம் நிறைந்தால் பென்ஷன் கணக்கில் இரண்டு வருஷம் போனஸாகச் சேர்ப்பார்கள். நான் அந்தக் கோட்டை மூன்று மாத வித்தியாசத்தில் தாண்டினேன். இன்னொன்று, 2015-இல் ஒரு பாங்கில் மெஷின் பார்க்கப் போனபோது, மேனேஜர் அரசின் அடல் பென்ஷன் திட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மும்முரத்தில் இருந்தார். நாற்பது வயதுக்குள்தான் சேர முடியும், எனக்கு 48. "வீட்டுக்காரம்மாவுக்கு எத்தனை வயசு?" என்றார். 39. மாதம் ஐநூறு சொச்சம் கட்டினால் அறுபதில் மாதம் 2,000. ஃபியூசர் சூடு ஆறுகிற நேரத்தில் படிவத்தை நிரப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த ஒரே நல்ல முதலீடு அதுதான்.

பி.எஃப்பில் மகள் படிப்புக்கு எடுத்தது போக நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. ஃபிரான்சைஸில் பன்னிரண்டு வருஷத்துக்குக் கிராஜுவிட்டி 79,615. அதே கணக்கை 24,000-இல் போட்டிருந்தால் ஒரு லட்சத்து 66 ஆயிரம்.

நான் வெளியே வந்து ஏழு மாதம் கழித்து, 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகக் கருதப்படும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி. நண்பர் ஒருவர் போன் போட்டு, "உனக்கு நல்ல நேரமில்லையேப்பா" என்று வருத்தப்பட்டார். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் சீட்டில் 24,000-இல் பாதி 12,000. என் பேசிக் 11,500. புதிய சட்டம் எனக்குக் கூட்டியிருக்கக் கூடியது 500 ரூபாய். என் சீட்டைத் தயாரித்தவர் அவ்வளவு கச்சிதமாகப் பாதிப் பாதியாக வெட்டியிருந்தார். ஆனால் பேசிக் ஆறாயிரம், படி பதினெட்டாயிரம் என்று வாங்குகிற பையன்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பெரிய விஷயம்.

போன வாரம் அப்படி ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஏசி மெக்கானிக், 26 வயது. சம்பளச் சீட்டைப் போனில் காட்டினான். கன்வேயன்ஸ் 7,500, பேசிக் அதைவிடக் குறைவு. நான் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சூத்திரத்தை ஒரு பழைய சர்வீஸ் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதாண்ணே. ஆனா பேசிக்கைக் கூட்டுனா கையில குறையுமே. வண்டி டியூ இருக்குல்ல" என்றான்.

2015-இல் அந்த ஆபீஸில் நான் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். அதனால் பதில் சொல்ல வரவில்லை. "10-சியை மட்டும் போடாத தம்பி, வேலை மாறுனா கணக்கை மாத்திக்கோ" என்றேன். தலையாட்டினான். அதற்குள் அவன் போன் அடித்தது.

"கால் வந்துருச்சுண்ணே, மேலூர்" என்று எழுந்தான். ஆபீஸுக்கு வாட்ஸ்அப் போட்டாயா என்று கேட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே போட்டான். நானும் எழுந்து வழியனுப்பலாம் என்று பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.